கதவு இருக்கிற பக்கம் வடக்கு

திரையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றின் முதுகில் ஒரு கண் வரைந்திருந்தது, மற்றதன் முதுகில் ஓர் உள்ளங்கை. எந்த நாற்காலி வேண்டுமோ அதைத் தொடுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதன் காலடியில் பொடி எழுத்தில், இந்தக் கப்பலை விட்டு இருவரும் வெளியேறும்வரை மாற்றிக்கொள்ள முடியாது என்று இன்னொரு வரி. செண்பகவல்லி அந்தப் பொடி எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்த வரிதான், ஆனால் கண் அதை விட்டு நகரவில்லை, முந்தானை ஆணியில் மாட்டிக்கொண்டதைப் போல. சாப்பாட்டு மேஜையின் மேல் லேப்டாப், அதற்குப் பக்கத்தில் தட்டுப் போட்டு மூடிய ரசம், மேஜை விரிப்பின் மேல் ஜன்னல் கம்பிகளின் நிழல் நீளநீளமாகக் கிடந்தது. காதில் இயர்போன் இருந்தது, அதில் சத்தம் எதுவும் இல்லை. இப்போதுதான் பூவநாதன் படுக்கையறையிலிருந்து எழுந்து அவளைக் கடந்து வாசலுக்குப் போயிருந்தார். மணி அடித்தது தண்ணிக் கேன்காரன். "நீ எதையும் தொட்டிராத, இந்தா வந்திருதேன்" என்று சொல்லிக்கொண்டே போனார். எப்போதும் சொல்வதுதான். தொடாதே என்றால் எனக்கு முன்னால் ஆரம்பித்துவிடாதே என்று அர்த்தம். இன்றைக்கு அந்தச் சொல் அவளுக்குள் போய் வேறெங்கோ உட்கார்ந்தது. தொடாதே. தொடாமல் எத்தனை நேரம் இருக்க முடியும். அவர் திரும்பி வருவதற்குள் அவள் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும், தீர்மானிப்பதற்கு நெஞ்சுக்குள் ஏதாவது அசைய வேண்டும், அங்கே ஒன்றும் அசையவில்லை.

இந்த ஆட்டத்தை வாங்கிக் கொடுத்தவள் மகள் தாரணி. ஊரடங்கு நாட்களில் புனேயிலிருந்து தினமும் போன் போட்டு, இருவர் சண்டையையும் தனித்தனியாகக் கேட்டு அலுத்துப்போய், "ரிமோட்டுக்குச் சண்டை போடுத நேரத்துல இதுல போடுங்க, பூட்டுன வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே இன்னொரு பூட்டுன வீட்டுக்குள்ள போய் வெளிய வாங்க" என்று சொல்லி, அங்கிருந்தபடியே இரண்டு லேப்டாப்பிலும் ஏற்றிக் கொடுத்தாள். ஆடுகிற இரண்டு பேரும் இரண்டு அறைகளில் அடைபட்டிருப்பார்கள். ஒருவருக்கு விடை தெரியும், ஆனால் எதையும் தொட முடியாது. இன்னொருவருக்கு எதிரே அலமாரி நிறையச் சாமான்கள் இருக்கும், எதைத் தொட வேண்டும் என்று தெரியாது. கண்டவர் சொல்ல வேண்டும், கேட்டவர் செய்ய வேண்டும், அதற்குள் கடிகாரம் ஓடித் தீர்ந்துவிட்டால் கதவு திறக்காது. ஒருவர் திரையை மற்றவர் பார்த்தால் ஆட்டம் கெட்டது. அதனால் அவர் படுக்கையறைக் கட்டிலில், அவள் சாப்பாட்டு மேஜையில், நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். ஒரே வீட்டுக்குள் போனில் பேசிக்கொள்வார்கள். அவர் குரல் அவளுக்கு இரண்டு தடவை வரும். முதலில் சுவர் வழியாக, மங்கலாக, யாரோ பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதுபோல. பிறகு, ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, காதுக்குள், அத்தனை அருகில். கல்யாணமான புதிதில்கூட அவர் அவ்வளவு அருகில் வந்து பேசியதில்லை. கண் போட்ட நாற்காலிக்கு அவர் வாய் என்று பெயர் வைத்தார். "பாக்கதுல என்ன கெட்டிக்காரத்தனம் இருக்கு, எல்லாவனுக்கும் ரெண்டு கண்ணு இருக்கு, சொல்லுததுலதான் இருக்கு." அவர் வாய், அவள் கை. முதல் நாள் அப்படி அமைந்தது, பிறகு யாரும் யோசிக்கவில்லை, கட்டிலில் யார் எந்தப் பக்கம் படுப்பது என்பதை யோசிக்காததைப் போல. பத்திரப் பதிவு ஆபீசில் வேலைக்காலம் முழுவதும் கிரயப் பத்திரங்களைப் படித்துக் காட்டியவர் அவர். ஆட்டத்தில் எந்த அறைக்குள் போனாலும் முதலில் நான்கெல்லை சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். கதவு இருக்கிற பக்கம் வடக்கு, நாமளா வச்சுக்கிட்டதுதான், கேட்டியா. வடக்கே கதவு. கிழக்கே ஜன்னல். தெற்கே படம் மாட்டின சுவர். மேற்கே ஒரு மண்ணும் இல்ல. இதற்கு மத்தியில் மேஜை ஒன்று. அந்த ராகத்தைக் கேட்டதும் அவளுக்கு இல்லாத அறை ஒன்று கண்முன் எழும்பி நின்றுவிடும். அவளோ ரயில்வே தபால் பிரிப்பு ஆபீசில் கடிதங்களை மரக்கூண்டுகளுக்குள் வீசி வீசிப் பழகியவள். ஊர்ப்பெயரைக் கண் படித்து முடிப்பதற்குள் கை கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அவள் தொட்டிருப்பாள். ஆட்டத்தைத் திறக்கிறவர் அவர், அதனால் கடிகாரத்தை வைப்பதும் எடுப்பதும் அவர் பொறுப்பு. தாரணி ஒரு தடவை, கடிகாரம் இல்லாமலும் ஆடலாமேப்பா, வயசான காலத்துல எதுக்கு அவசரம் என்றாள். உப்பில்லாத சோறு உனக்கு வேணும்னா நீ தின்னு என்றார்.

ஆட்டத்துக்குள் வருகிற குறிகளுக்கு ஊரில் பெயர் கிடையாது. சுழிகள், வளைவுகள், பாதி மிருகம் பாதி எழுத்து. அவற்றுக்கெல்லாம் இருவருமாகப் பெயர் வைத்தார்கள். சுழித்துச் சுழித்து உள்ளே போவது முறுக்கு. மெல்லிய பிறை, வெட்டிப்போட்ட நகம். கொக்கிபோல் வளைந்து கீழே இறங்குவது மதினி மூக்கு, அவருடைய அண்ணன் மனைவி பகவதியக்காவின் மூக்கு அப்படித்தான் இருக்கும். "மதினி மூக்குக்கு மேல ஒரு முறுக்கு, அதுக்குப் பக்கத்துல நகம்" என்று அவர் சொல்ல, அவள் சிரித்துக்கொண்டே தொட, கதவு திறக்கும். பிறகு, எப்போது என்று அவளால் சொல்ல முடியவில்லை, ஊரில் பெயர் உள்ள சாமான்களுக்கும் அவர் பெயர் வைக்கத் தொடங்கினார். குழாயைத் தண்ணி அண்ணாச்சி என்றார். சாவியை, இரும்புப் பல்லு. அவள் அதற்கும் சிரித்தாள். போன மழைக்காலத்தில் ஓர் அறைக்குள் குடை இருந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "மழைக்குள்ள நடந்து போவும்போது கூடவே எடுத்துட்டுப் போற கூரை" என்றார். அவள் தொட வேண்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கூடவே எடுத்துட்டுப் போற கூரை. அன்று ராத்திரி தாரணிக்குப் போன் போட்டு, "உங்கப்பாவுக்கு இப்பதான்ட்டி கவித வருது" என்றாள். வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். மேல்வீட்டு பேங்குக்காரர் மனைவியிடம் சொன்னாள். அவர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை இப்போது எடுத்துப் பார்க்கிறாள். எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாலும் அது ஒரே சிரிப்பாகத்தான் இருக்கிறது, உள்ளே என்ன இருந்தது என்று தெரியவில்லை, ஒட்டிய உறைபோல. முறுக்கு விளையாட்டு. நகம் விளையாட்டு. தண்ணி அண்ணாச்சி? இரும்புப் பல்லு? எந்த இடத்தில் விளையாட்டு முடிந்து மற்றது ஆரம்பித்தது. அதற்கு எல்லைக்கல் இல்லை. இவள் சிரிக்கச் சிரிக்க அவர் ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறார், பெயர் வராவிட்டால் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று. அதற்கு ஒளிய இடம் கொடுத்தது அவள் சிரிப்புத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. போன ஞாயிறு, ஒரு பழைய கடைக்குள் கடைசி அறை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நான்கெல்லை சொன்னார், பிசகில்லாமல், அதே ராகத்தில். அப்புறம், "ஒருத்தன் ரெண்டு கையையும் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கான், அவனத் தொடு" என்றார். அவள் சிரித்துக்கொண்டே அலமாரியைப் பார்த்தாள். மனித பொம்மை எதுவும் இல்லை. விசிறி இருந்தது, கூஜா இருந்தது, தராசு இருந்தது, மணி இருந்தது. எவன் என்றாள். "அவன்தான், ரெண்டு கையிலயும் தட்டு, ஒரு கை தாழ்ந்து ஒரு கை… செண்பா, சீக்கிரம்." சுவர் வழியாக ஒரு தடவை சீக்கிரம், காதுக்குள் ஒரு தடவை சீக்கிரம். அவள் பொம்மையையே தேடிக்கொண்டிருந்தாள். அவர் புதிதாக ஒரு பெயர் வைத்திருக்கிறார், அதைக் கண்டுபிடிக்க வேண்டியது தன் சாமர்த்தியம் என்றே அந்தக் கடைசி நொடிவரை நினைத்தாள். கதவு திறக்கவில்லை. காப்பி எடுத்துக்கொண்டு போனபோது அவர் திரை அப்படியே இருந்தது. அதில் தராசு. "தராசா? இதுக்குத்தானா இவ்வளவு பாடு?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். கூட்டத்தில் தவறவிட்ட செருப்பை யாரோ எடுத்துக் கொடுத்தால் பார்ப்பார்களே, அப்படி. "ஆமா, தராசு" என்றார். அப்புறம் காப்பியை வாங்கிக்கொண்டு, அவள் போய்விட்டாள் என்று நினைத்தோ என்னவோ, மெதுவாக, உதடு மட்டும் அசைய, தராசு, தராசு என்றார். அவள் கதவருகில் நின்றிருந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல இருக்குமே, அப்படி ஒன்று அந்த நேரம் உடம்பில் இறங்கியது, இன்னும் விடவில்லை. அடுப்படிக்குப் போய்ப் பாலை இறக்கி வைத்தாள். டம்ளரைக் கழுவினாள். டம்ளர், கரண்டி, இடுக்கி என்று ஒவ்வொன்றையும் மனதுக்குள் பெயர் சொல்லிக்கொண்டே கழுவியது அப்புறம்தான் தெரிந்தது.

வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. சுடலைமுத்து கேனைத் தோளிலிருந்து இறக்கும்போது விடுகிற பெருமூச்சு, பிறகு அவன் குரல்.

"சார், காலிக் கேன் எங்க?"

"காலியா…" கொஞ்சம் இடைவெளி. செண்பகவல்லியின் விரல் மேஜை விரிப்பில் நின்றது. "அந்தா நிக்காம்லா அடுப்படில, நீலச் சட்டக்காரன்."

சுடலைமுத்து ஓவென்று சிரித்தான். "கேனுக்குச் சட்டையெல்லாம் போட்டு விட்டுட்டியளா சார்! உங்கள மாதிரி பேசுத ஆளு இந்த பிளாட்டுலயே கெடையாது. மேல்வீட்டு சாரு மொகத்தக்கூட காட்ட மாட்டாரு, கதவ லேசாத் தொறந்து கைய மட்டும் நீட்டுவாரு."

"அவன் பேங்குக்காரம்லா. சிரிச்சா வட்டி கொறஞ்சிரும்னு பயம்."

சுடலைமுத்து இன்னும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, அடுப்படிக்குப் போகிற வழியில், "என்னம்மா, இன்னைக்கும் ரெண்டு பேரும் ஆட்டந்தானா?" என்று கேட்டு நரைத்த மீசையைத் துடைத்துக்கொண்டு போனான். அவள் தலையை அசைத்தாள். வட்டி என்ற சொல் வந்திருக்கிறது, பேங்கு வந்திருக்கிறது, பயம் வந்திருக்கிறது, கேலி அதன் இடத்தில் அப்படியே இருக்கிறது. கேன் மட்டும் வரவில்லை. இல்லை, கேன் வந்தும் நீலச் சட்டைக்காரன் என்றே சொன்னாரோ. விளையாட்டோ. இனி அவர் வாயிலிருந்து எது வந்தாலும் அவளால் வெறுமனே சிரிக்க முடியாது, தராசில் போட்டுப் பார்க்க வேண்டும். தராசு. திரும்பவும் அங்கேயே வந்து நிற்கிறாள். எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் இந்த முட்டுச்சந்துதான்.

அவருடைய அண்ணன் பெரியத்தானுக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததா என்று பகவதியக்காவிடம் கேட்கலாம். கேட்டால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். கடைசிக் காலத்தில் பெரியத்தான் முன்னறையில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், வேட்டியை யாரோ கட்டிவிட்டிருப்பார்கள், தலைமுடியை யாரோ சீவிவிட்டிருப்பார்கள். இருவரும் பார்க்கப் போயிருந்தபோது பூவநாதன் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து, "அண்ணே, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். பகவதியக்கா பின்னாலிருந்து பதில் சொன்னாள், சாப்பிட்டாச்சு, ரெண்டு இட்லி. "நல்லா தூங்குதியளாண்ணே?" எங்க தூங்குதாக, ராத்திரியெல்லாம் முழிச்சிக் கெடந்து இது யாரு வீடுன்னு கேக்காக. அண்ணன் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தார், முதல் எழுத்து உதட்டில் நின்றது, பகவதியக்கா அதற்குள், "அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது தம்பி, நீங்க எங்கிட்ட கேளுங்க" என்றாள். கெட்ட மனசு இல்லை. கழுவித் துடைத்து ஊட்டிவிட்ட கை அது. ஆனால் அந்த எழுத்து உதட்டிலேயே காய்ந்துபோனதைச் செண்பகவல்லி பார்த்தாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் பார்த்தார். திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பொட்டலையும் காற்றாலைகளையும் பார்த்துக்கொண்டே வந்தார். கயத்தாறு தாண்டியபிறகுதான் வாயைத் திறந்தார். "எனக்கு அப்படி ஆச்சுன்னா, எனக்கு முன்னால இருந்துக்கிட்டு எனக்காகப் பேசிராத, செண்பா. எதுன்னாலும் எங்கிட்டப் பேசு." உங்களுக்கு என்ன ஆகப்போகுது, சவத்த விடுங்க என்றாள். "ம்னு சொல்லு." ம் என்றாள். பஸ்ஸில் யாரோ வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்த வாசனை. அந்த ம் இப்போது இந்தக் கண் போட்ட நாற்காலியின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொட்டால் அவள் வாய். அவருக்குப் பதிலாகச் சொல்கிற வாய். முதல் தடவை விளையாட்டில் ஆரம்பிக்கும், அப்புறம் தண்ணிக் கேன்காரனிடம், அப்புறம் தாரணியிடம், அப்புறம் ஏதோ ஒரு முன்னறையில் யாரோ அவரைக் கேட்கும்போது பின்னாலிருந்து இவள் குரல் வரும், ரெண்டு இட்லி என்று.

தொடாமல் விட்டால்? எப்போதும்போல அவர் வாய். கப்பலுக்குள் என்னவெல்லாம் இருக்கும். திசைகாட்டி, துடுப்பு, தொலைநோக்கி, பாய்மரம், தினமும் வாயில் புழங்காத சொற்கள். ஒவ்வொன்றிலும் அவர் நின்று நின்று, ஒவ்வொன்றுக்கும் ஆளை வரவழைத்துக் கையும் காலும் சட்டையும் மாட்டிவிட்டு, கடிகாரம் ஓட ஓட. தான் தெரிந்துகொண்டதை அவர் தெரிந்துகொள்ளாமல் இருக்க இந்த வாரம் முழுக்க அவள் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தாள், யோசித்துச் செய்யவில்லை, தானாக வந்தது. அவளும் பெயர்களை விட்டுவிட்டாள். அத எடுங்க, இத வைங்க, அங்க இருக்கும் பாருங்க. சாப்பிடும்போது இரண்டு பேரும் அது இது என்றே பேசிக்கொண்டார்கள், ஒருவருக்கொருவர் தடையில்லாமல் புரிந்தது, வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் உடம்போடு நின்றன. அப்படியே இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. ஆட்டத்துக்குள் அது நடக்காது, அங்கே பெயர் வேண்டும். எனக்கும் ஒரு தடவை வாயா இருந்து பாக்கணும்போல இருக்கு. மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். பொய்யென்று பிடிபட்டுவிடும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று மைக்கை நீட்டியதும் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டவள் அவள், அவர் வந்துதான் இரண்டு வார்த்தை நன்றி சொன்னார். ஆமாம், அன்றைக்கு அவளுக்காக அவர் பேசினார். அது ஒன்றும் தவறாக இல்லையே. கைதவறிக் கண்ணைத் தொட்டுட்டேன் என்று சொல்லலாம். அந்தக் கை தவறாது என்று அவரைவிட யாருக்குத் தெரியும். கடிகாரத்தை எடுத்துவிடுங்க, எனக்குப் படபடன்னு வருது. கேட்பார், ஏன் என்று கேட்பார், கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார். தலைவலி. இன்றைக்குத் தலைவலி, அடுத்த ஞாயிறு? அவளுக்குத் தலை வலிக்கவுமில்லை. எங்கும் வலிக்கவில்லை. கட்டைவிரலால் முழங்காலை அழுத்திப் பார்த்தாள், அழுத்தம் மட்டும் தெரிந்தது. கன்னத்தில் ஊசி, காலில் ஊசி, சுவருக்கு இந்தப் பக்கம் முழுவதும் ஊசி. இரண்டு நாற்காலியும் காலியாகவே இருந்தன. இரண்டும் கொஞ்சம் ஆடின, கப்பல் என்பதால் அப்படிச் செய்திருக்கிறார்கள், அலை வந்து வந்து போவதுபோல, ஒன்று தாழும்போது மற்றது உயர்ந்தது.

வாசல் கதவு சாத்துகிற சத்தம். தாழ்ப்பாள் ஒரு தடவை, இன்னொரு தடவை. அவர் வந்தார். அவள் பின்னால் வந்ததும் நடை நின்றது, அவள் திரையை அவர் பார்க்கக் கூடாது என்பது சட்டம், ஆனால் நாற்காலி பொறுக்குகிற இடத்தில் அந்தச் சட்டம் கிடையாது, இரண்டு பேர் திரையும் ஒன்றுதான். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்காலிச் சட்டத்தில் அவர் கை இருந்தது, அவள் தோளுக்கு விரற்கடை தள்ளி. கை ஈரமாக இருக்க வேண்டும், கேனைத் தொட்ட குளிர்ச்சி தோளில் ஒரு கோடாக வந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அவரும் ஏதோ நினைத்திருப்பார். "ரசத்த எடுத்து உள்ள வை, எறும்பு ஏறிரும்" என்றார். ரசம். எறும்பு. உள்ளே போய்விட்டார். கட்டில் கிறீச்சிட்டது, சுவர் வழியாக. பிறகு காதுக்குள் அவர் மூச்சு. அவள் விரலை எடுத்துத் திரையருகே கொண்டுபோனாள், எதன்மேல் என்று தெரியாமலே, கடிதத்தைக் கையில் எடுத்துவிட்டு ஊர்ப்பெயரைப் படிக்க முடியாமல் நிற்பவளைப்போல.

டிங் என்றது. உள்ளங்கை போட்ட நாற்காலியின் மேல் ஒரு பச்சைப் புள்ளி வந்து உட்கார்ந்தது.

முதலில் வந்தது பயம்தான். அங்கிருந்து அவர் மாற்றித் தொட்டுவிட்டார், இப்போது இதுவும் குழம்பிவிட்டதா, வலது எது இடது எது என்பதும் போய்விட்டதா. வாயைத் திறந்தாள், என்னங்க, தப்பாத் தொட்டுட்டீங்க என்று சொல்ல. அதற்குள் சுவர் பேசியது, பிறகு காது பேசியது.

"செண்பா."

"என்னங்க."

"நீ வாயி. நான் கையி."

ஜன்னல் கம்பியின் நிழல் ரசச் சட்டியைத் தொட்டு வளைந்திருந்தது.

"எப்பவும் நீங்கதான…" என்றாள்.

"வாயி ஓஞ்சு போச்சுட்டி." சாதாரணமாகத்தான் சொன்னார், கால் ஓய்ந்துபோனது என்பதுபோல. "நான் உங்கிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேன். போன வாரம் நீ கதவுப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தியே. காப்பிய வாங்குனதுக்கு அப்புறமும் உன் நெழல் கட்டில் மேல கெடந்துச்சு. போவவே இல்ல."

அவள் கண் போட்ட நாற்காலியைத் தொட்டாள். விரல் போய்த் தொட்டுவிட்டது, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டப் பேசு" என்றார். "ம்னு சொல்லு."

"ம்."

இரண்டு நாற்காலிகளும் இருட்டுக்குள் போய், திரை மெல்ல வெளுத்தது. அவள் இதுவரை பார்த்திராத பக்கம் அது, சொல்ல வேண்டியவரின் பக்கம். இத்தனை வருஷம் அவர் குரலாகக் கேட்டதெல்லாம் இப்படித்தான் இருந்திருக்கிறது. ஒரு சின்ன அறை, மரத்தாலானது, எல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. தொண்டையைச் செருமினாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"கதவு இருக்கிற பக்கம் வடக்கு" என்றாள்.

"ம்."

"வடக்கே கதவு. கிழக்கே வட்டமா ஒரு ஜன்னல், தண்ணி தெரியுது. தெற்கே…" தெற்கே சுவரில் நங்கூரம் சாத்தியிருந்தது. இவருக்கு அந்தச் சொல் இருக்குமோ இல்லையோ. "தெற்கே, கடலுக்குள்ள போடுவாங்கள்ல, இரும்புல, பெரிய கொக்கி, ரெண்டு பக்கமும் வளஞ்சு… உங்க மதினி மூக்கு மாதிரி."

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "நங்கூரம்னு சொல்லித் தொலையேன்" என்றார். "கோட்டிக்காரன் ஆயிட்டேன்னே முடிவு பண்ணிட்டியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் எதிலோ இடறியது. மரத்த காலை ஊன்றும்போது குத்துமே, அப்படி முதல் ஊசி எங்கோ விலாவுக்குள் குத்தியது. இத்தனை நாளாக வராதது. "நங்கூரம்" என்றாள். "தெற்கே நங்கூரம்."

"தொட்டாச்சு. மேற்கே?"

"மேற்கே ஒரு மண்ணும் இல்ல."

"மத்தியில?"

மத்தியில் கூரையிலிருந்து ஒரு விளக்கு தொங்கியது. கப்பலோடு சேர்ந்து அது இந்தப் பக்கம் வந்தது, அந்தப் பக்கம் போனது. அதன் வெளிச்சம் தரையில் வட்டமாக நகர்ந்து, ஒரு மூலையைக் காட்டி, அதை விட்டுவிட்டு, இன்னொரு மூலையைக் காட்டியது. விளக்கு. குழந்தைக்குக்கூட வருகிற சொல். அவள் வாயைத் திறந்தாள். முதல் எழுத்து உதட்டில் நின்றது, அதற்குமேல் வரவில்லை. "அது… மத்தியில… அது வந்து…" என்றாள். நேரம் ஓடுகிறதே என்று கண் தானாகத் திரையின் மேல்மூலைக்குப் போனது, எப்போதும் கடிகாரம் துடித்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு.

அங்கே ஒன்றும் இல்லை. வெறும் மரச்சுவர்.

"மெதுவாச் சொல்லு" என்றது சுவர். பிறகு காதுக்குள், அத்தனை அருகில், "மெதுவாச் சொல்லு. கடிகாரத்த நான் எடுத்துட்டேன்."